அக்கா கொடுத்த தேதி

மில் விடுதி,
வடமதுரை
12.6.2023

அக்கா மணிமேகலைக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் அம்மா இதற்குள் மூக்கைச் சிந்தியிருப்பாள்.

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். இவள் என்ன புத்தகத் தமிழில் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் கடிதம் எழுதும் கேள்வி உண்டு. உனக்கு எழுதினால் எனக்கும் பழகின மாதிரி ஆச்சு.

ஆமாம், பத்தாவது எழுதப் போகிறேன். தனித்தேர்வராக. ராணுவப் போலீசில் பெண்களை எடுக்கிறார்கள். பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்தாவது வாங்கியிருக்க வேண்டும். வயது இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது. மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது. திண்டுக்கல்லில் ஓட்டம் பழக்கும் பழைய ஹவில்தார் பொம்மையன் சார் என்னை ஓடவிட்டுப் பார்த்தார். "காலு இருக்கு, மூச்சு இருக்கு, காகிதந்தான் இல்ல. போயி அதைக் கொண்டா தாயி" என்றார்.

அந்தக் காகிதத்துக்கு முதல் காகிதம் உன்னிடம் இருக்கிறது. நான் பள்ளியை விட்டபோது என் டி.சி.யை வாங்கி, "நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று எடுத்துக்கொண்டு போனாய். ஏன் விட்டேன் என்று எழுதத் தேவையில்லை. உனக்குத் தலைப்பிரசவம், அம்மாவுக்குக் கை முறிவு. தை மாதம் பையைத் தூக்கிப் போட்டவள், உன் மகள் தமிழ்நிலாவின் துணிகளை அலசி முடித்து நிமிர்ந்தபோது பரீட்சை முடிந்திருந்தது.

ஏப்ரலில் உன் இரண்டாவது பிரசவத்துக்கு நான் வரவில்லை என்று உனக்குக் கோபம். கோபத்தை நீயே வைத்துக்கொள். டி.சி.யை மட்டும் அனுப்பு.

ஏன் பட்டாளம் என்று மச்சான் கேட்பார். பட்டாளத்தில் இருப்பவளைப் பிள்ளைப்பேறு பார்க்க வா என்று யாரும் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் லீவு கிடைக்காது. அம்புட்டுத்தான் காரணம்.

இப்படிக்கு,
தமிழ்மதி


ஒட்டன்சத்திரம்
25.6.2023

அன்புள்ள மதி,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு வரி உனக்குக் கிடைக்கவில்லை. ஆண் குழந்தை. நன்றாக இருக்கிறான்.

வயிற்றில் தையலோடு நான் படுத்திருந்தபோது ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. "ஏங் கண்ணு, உன்ற தங்கச்சி வரலியா?" என்று மாமியார் தினமும் கேட்டார்கள். வருவாள், வருவாள் என்று பதினைந்து நாள் சொன்னேன். பதினாறாம் நாள் அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டதைவிட அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. உன் நம்பரை அன்றைக்குத்தான் தடுத்தேன்.

முதல் பிரசவத்தில் உன் படிப்பு போனது உண்மை. நான் கேட்கவில்லை, அப்பா முடிவு செய்தார். ஆனால் அதைப் போகும் இடமெல்லாம் சுமந்துகொண்டு போய் என் வாசலில் இறக்காதே.

நான் ஒரு டீச்சர் என்ற முறையில் சொல்கிறேன். விட்ட படிப்பு விட்டதுதான். நாலு வருடம் நூல் மில்லில் நின்றவள் திடீரென்று கணக்கும் அறிவியலும் எழுதிவிட முடியாது. தினமும் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளே தடுமாறுகின்றன. உனக்கு நல்ல இடத்தில் வரன் பார்க்கலாம் என்று உன் மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.

டி.சி. எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வீடு மாறினோம். தேடிப் பார்க்கிறேன்.

மணிமேகலை


வடமதுரை
3.7.2023

அக்கா,

வரன் வேண்டாம், டி.சி. வேண்டும். வருகிற சனிக்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானே வருவேன் என்று நினைக்காதே. திங்கட்கிழமை வருவேன். உன் பள்ளிக்கூட வாசலில், பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற நேரத்தில் நின்று கேட்பேன்.

தமிழ்மதி

பையனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?


ஒட்டன்சத்திரம்
7.7.2023

மதி,

டி.சி. இத்துடன் இருக்கிறது. பீரோவில் என் சான்றிதழ்களுக்கு அடியில்தான் இருந்தது. மிரட்டித்தான் வாங்க வேண்டும் என்றால் அப்படியே வாங்கிக்கொள்.

பெயர் பழனிக்குமார். மாமனார் பெயர்.

மணிமேகலை


வடமதுரை
24.7.2023

அக்காவுக்கு,

டி.சி. வந்தது. அடியிலேயே இருந்த காகிதத்தைத் தேட உனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. சரி, விடு. பழனிக்குமாருக்கு என் முத்தம்.

இப்போது ஒரு சந்தேகம். நீ டீச்சர், உனக்குத்தான் தெரியும். டி.சி.யில் என் பிறந்த தேதி 19.5.2004 என்று இருக்கிறது. என் ஆதாரில் 19.11.2004. அம்மாவைக் கேட்டேன். "கார்த்திகை அடமழையில பெத்தேன், மே மாசம் ஏது மழை?" என்கிறாள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சான்றிதழை இன்னமும் அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறாள். அதிலும் நவம்பர்தான்.

பரீட்சைக்குப் பதிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் ஒருவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "மாத்தணும்னா இப்பவே எழுதிக் குடும்மா. பத்தாவது சர்டிபிகேட் வந்துருச்சுன்னா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது" என்றார். மாற்றுவதற்கு நாலைந்து மாதம் இழுக்குமாம், பல இடம் அலைய வேண்டுமாம். மில்லில் லீவு போட்டால் சம்பளம் போய்விடும், பாடமும் போய்விடும்.

பட்டாளத்தில் வயது முக்கியம். ஆறு மாதம் கூடக் குறைய இருந்தால் ஏதாவது ஆகுமா? மாற்றணுமா, வேண்டாமா? ஒரே ஒரு வரி எழுது. நீ சொன்னபடி செய்கிறேன்.

தமிழ்மதி


ஒட்டன்சத்திரம்
4.8.2023

அன்புள்ள மதி,

தேதியைப் பற்றிக் கவலைப்படாதே. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மே, ஜூன் என்றுதான் போட்டிருப்பார்கள். அது ஒரு வழக்கம். அதனால் ஒன்றும் ஆகாது. மாற்றுகிறேன் என்று அலைந்து இருக்கிற நேரத்தையும் கெடுத்துக்கொள்ளாதே. முதலில் பாஸ் செய்கிற வழியைப் பார்.

கணக்கில் வடிவியல் வரைபடங்களை விடாதே. அவை நிச்சய மதிப்பெண்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். பேசலாம்.

மணிமேகலை


வடமதுரை
20.8.2023

அக்கா,

சரி, மாற்றவில்லை. அப்படியே பதிந்துவிட்டேன்.

போன் வேண்டாம். போனில் நாம் ரெண்டு பேரும் வாயைத் திறந்தால் சண்டையில்தான் நிற்கிறது. கடிதமே இருக்கட்டும். எழுதினது எழுதினபடி இருக்கும்.

வடிவியல் வரைகிறேன். என் அறையில் இருக்கும் குர்ஷித் பேகம் பன்னிரண்டாவது படித்தவள். ஷிப்ட் முடிந்து சோறு தின்ற கையோடு காம்பஸைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறாள். தப்பாக வரைந்தால் மண்டையில் குட்டுகிறாள். உன்னைவிட நல்ல டீச்சர்.

மதி


ஒட்டன்சத்திரம்
19.11.2023

மதிக்குட்டி,

பிறந்தநாள் வாழ்த்துகள். பார்சலில் சுடிதார் துணி இருக்கிறது. உனக்குப் பிடித்த மாம்பழ நிறம். எந்த வருடமும் தவறவிட்டதில்லை, இந்த வருடம் கோபத்தில் விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


வடமதுரை
11.5.2024

அக்கா, அக்கா, அக்கா!

பாஸ். ஐந்நூற்றுக்கு இருநூற்று அறுபத்தேழு. கணக்கில் முப்பத்தெட்டு, சிரிக்காதே, முப்பத்தைந்துதான் வேணும். தமிழில் எழுபத்தொன்று. கடிதம் எழுதும் கேள்விக்கு முழு மார்க் போட்டிருப்பார்கள், அதற்கு உனக்குத்தான் நன்றி.

நாற்பத்தைந்து சதவீதத்துக்கு இருநூற்று இருபத்தைந்து போதும். நான் நாற்பத்திரண்டு கூட வாங்கியிருக்கிறேன். மில் வேனில் எல்லாரும் கத்தினார்கள். டிரைவர் வேனை நிறுத்தி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்குப் போன் போட்டேன். "பத்தாவதா? நீ அதை எப்பவோ படிச்சுட்டேல்ல?" என்றார். அவரை என்ன செய்ய?

இந்த வருடத்து ஆள்சேர்ப்புக்குப் பதிவு முடிந்துவிட்டது. அடுத்த வருடம் மாசி, பங்குனியில் வரும். பொம்மையன் சார் என் ஆதாரைப் பார்த்துவிட்டு, "வயசு கிடக்கு, ஒரு வருசம் ஓடிக்கிட்டே இரு" என்றார். ஓடுகிறேன். ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஏழு நிமிடம் இருபது விநாடியில் ஓடுகிறேன், அக்கா.

விட்ட படிப்பு விட்டதுதான் என்று எழுதினாயே. இப்ப என்ன சொல்றே?

உன் தங்கை,
பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்ற
தமிழ்மதி


ஒட்டன்சத்திரம்
30.5.2024

அன்புள்ள மதி,

மிகவும் சந்தோஷம். உடனே பதில் எழுத முடியவில்லை. பள்ளியில் சேர்க்கை வேலை.

நான் ஒன்று யோசித்தேன். பன்னிரண்டாவதையும் இப்படியே தனியாக எழுதிவிடேன். நர்சிங் படிக்கலாம். அல்லது நம் மாநிலப் போலீஸ் இருக்கிறது, அதற்கு வயது இன்னும் நிறைய இருக்கிறது. ராணுவம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்காதே. அதில் ஆயிரம் விதி இருக்கும். ஏதாவது ஒன்றில் தட்டிவிட்டால் நீ உடைந்துபோவாய்.

மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டதா?

அக்கா


வடமதுரை
18.3.2025

மணிமேகலை டீச்சருக்கு,

இந்தத் தடவை புத்தகத் தமிழ் எவ்வளவு தூரம் வரும் என்று தெரியவில்லை.

நேற்று பொம்மையன் சாருடன் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். நீ வாங்கித் தந்த மாம்பழ நிறச் சுடிதார் போட்டிருந்தேன். பிறந்த தேதியைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி அடிக்கச் சொன்னது விண்ணப்பம். மே பத்தொன்பது என்று அடித்தார்கள். வயதை வருகிற அக்டோபர் கணக்கில் பார்ப்பார்களாம், 2004 அக்டோபர் ஒன்றாம் தேதிக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு இடம் இல்லை என்று வந்துவிட்டது. ஆதாரில் உள்ளபடி நவம்பர் என்று அடித்தார்கள். உள்ளே விட்டது. ஆனால் கடைசியில் சான்றிதழைத்தான் காட்ட வேண்டும், அதில் மே இருந்தால் அங்கேயே வெளியே தள்ளிவிடுவார்கள் என்று சார் அதை அழிக்கச் சொன்னார்.

நவம்பரில் பிறந்தவளுக்கு இடம் இருக்கிறது. மேயில் பிறந்தவளுக்கு இல்லை. நான் நவம்பரில் பிறந்தவள்.

"ஏம்மா, இதை முன்னாடியே பாக்கலியா?" என்று சார் கேட்டார். பார்த்தேன் சார், எங்க அக்கா டீச்சர், கேட்டுத்தான் செஞ்சேன் என்றேன். அவர் ஒரு இளநீர் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். பஸ் ஸ்டாண்டு என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

உன் கடிதம் என் பெட்டியில்தான் இருக்கிறது. 4.8.2023. "அதனால் ஒன்றும் ஆகாது." உன் முத்து முத்தான கையெழுத்து. பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப் போடுகிற கையெழுத்து.

தெரியாமல் எழுதினாய் என்றால் நான் விட்டுவிடுவேன். யாருக்கும் தப்பு வரும். ஆனால் அம்மாவைக் கேட்டேன். இந்த மே மாதத்தை யார் சொன்னது என்று. அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள், என்னைப் பள்ளியில் சேர்க்க அவள் போகவே இல்லையாம். பூவெடுக்கப் போயிருந்தாளாம். "ஒன்னைய மணிதான இடுப்புல தூக்கிட்டுப் போயி சேத்துவிட்டா" என்கிறாள்.

அன்றைக்கு என்ன நடந்தது அக்கா? பதிவு ஏப்ரல் இருபத்தைந்தோடு முடிகிறது. அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். உண்மையை எழுது. எனக்கு இப்ப வேற ஒண்ணும் வேணாம்.

தமிழ்மதி


ஒட்டன்சத்திரம்
2.4.2025

மதி,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா விடியுமுன்னே பூவெடுக்கப் போய்விடுவாள். பால்வாடி மதியத்தோடு விட்டுவிடும். உன்னைத் தூக்க நான் பாதிப் பள்ளியில் எழுந்து வருவேன். ஆறாம் வகுப்பில் நான்தான் முதல் மார்க். ஏழாவது திறக்கும்போது அப்பா சொன்னார்: "சின்னவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் நீ வீட்டுல இரு. அவ போனதும் நீயும் போ." உனக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஒரு வருடம் நின்ற பெண் பிள்ளைகள் எங்கள் தெருவில் திரும்பிப் போனதே இல்லை. எனக்குத் தெரியும்.

அதனால் உன்னை நானே தூக்கிக்கொண்டு போனேன். தலைமை ஆசிரியர் ராயப்பராஜ் சார் சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. உன் கை எட்டவில்லை. நாலரை வயதுக் கை எப்படி எட்டும்? அவர் பேனாவைத் தேடிக் குனிந்த நேரம், நான் பின்னால் நின்று உன் முழங்கையைத் தள்ளி, தலையையும் சாய்த்துப் பிடித்தேன். உன் விரல் காதில் பட்டது. "தொட்டுட்டா சார், தொட்டுட்டா" என்று கத்தினேன். உனக்கு வலித்தது, ஆனால் அழவில்லை. ஏதோ விளையாட்டு என்று சிரித்தாய். தேதி என்ன என்று கேட்டார். பத்தொன்பதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. மாதத்தை மட்டும் மாற்றினேன்.

அன்றைக்கே நானும் ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இன்றைக்கு நான் டீச்சராக இருப்பது அதனால்தான்.

இது சின்னப் பிள்ளையில் செய்தது. நீ மன்னித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மற்றதையும் எழுதுகிறேன்.

நீ 2023இல் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். ராணுவத்தில் பத்தாவது சான்றிதழ்த் தேதியைத்தான் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். மாற்றச் சொன்னால் யார் போட்ட தேதி என்று விசாரிப்பார்கள், அம்மாவுக்குத் தெரிந்துவிடும், உனக்குத் தெரிந்துவிடும், உன் மச்சான் வீட்டுக்குத் தெரிந்துவிடும். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தைத் தாங்கியிருப்பேன். தாங்கவில்லையே, ஏன் தெரியுமா? நீ பாஸ் பண்ண மாட்டே என்று நினைத்தேன். எப்படியும் பாஸ் பண்ணாதவளுக்கு எதற்கு இந்தக் கதை என்று நினைத்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைப் பார்த்து நினைப்பது மாதிரியே உன்னையும் நினைத்தேன்டி.

இருநூற்று அறுபத்தேழு என்று உன் கடிதம் வந்த அன்று, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். வருடக்கணக்கில் ஆகுமாம். போலீசுக்கு எழுது மதி. இருபத்தாறு வயது வரை இருக்கிறது. செலவெல்லாம் நான் பார்க்கிறேன். நான் நேரில் வந்து உன் காலில் விழவும் தயார். ஒரு வரி எழுது.

அக்கா


வடமதுரை
19.5.2025

அக்கா,

பதிவு முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. இந்தக் கடிதத்தைப் பரீட்சைக்காக எழுதலை, அதனால என் தமிழ்லயே எழுதுறேன்.

உன் கடிதத்தைக் கொண்டுபோய் அந்தப் பரீட்சை அலுவலகத்துல காட்டலாம்னு ஒரு நாள் கிளம்பினேன். எதிர்ப்பக்கம் போற வண்டியில ஏறிட்டேன், திண்டுக்கல் வண்டின்னு நினைச்சு. புத்தி அந்த அழகுல இருந்துச்சு. பாதி வழியில இறங்கி ரோட்டோரத்துல நின்னப்பதான் யோசிச்சேன். யார்கிட்ட காட்ட? பன்னெண்டு வயசுப் புள்ளை பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்டுப் பொய் சொல்லுச்சுன்னு காட்டவா? அதுக்கு எந்த ஆபீசர் என்ன செய்வான்? திரும்பி வந்துட்டேன்.

அந்தப் பன்னெண்டு வயசு மணிமேல எனக்குக் கோபமே இல்லை. அவ எடத்துல நான் இருந்திருந்தா ரெண்டு கையையும் பிடிச்சுத் தள்ளியிருப்பேன். என் ஆறு மாசத்தை எடுத்து அவ படிச்சா. படிக்கட்டும். எனக்குக் கோபம் இருபத்தாறு வயசு மணிமேகலை டீச்சர்மேல. ஏழு மாசம் டயம் இருந்துச்சு. அம்மா டிரம்முக்குள்ள சர்டிபிகேட் இருந்துச்சு. ஒரு வரி கேட்டேன். நீயும் ஒரு வரிதான் எழுதினே.

என் கை காதுக்கு எட்டலைன்னு தெரிஞ்சும் எட்டுச்சுன்னு கத்தினவ நீ. நெசமாவே எட்டும்னு நான் வந்து நின்னப்ப, இவளுக்கு எங்க எட்டப் போகுதுன்னு நினைச்சுட்டியே.

கால்ல விழ வராதே. வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். பையனுக்கும் நிலாவுக்கும் துணி எடுத்து அம்மாகிட்ட கொடுத்திருக்கேன், வாங்கிக்க. நிலாவுக்கு ஆறு வயசாச்சுல்ல? அவ ஏதாவது எழுதப் போறேன், ஓடப் போறேன்னு உன்கிட்ட வந்து நின்னா, தெரிஞ்சதை முதல்ல சொல்லிப்புடு. அப்புறம் அவ பாஸ் பண்றாளா இல்லையான்னு அவ பார்த்துக்குவா.

போலீசுக்கு எழுதுவேனா மாட்டேனான்னு உனக்குச் சொல்ல மாட்டேன். காலையில ஓடுறதை இன்னும் நிறுத்தலை. எதுக்கு ஓடுறேன்னு குர்ஷித் கேட்டா. அவளுக்கே இன்னும் சொல்லலை.

இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள். அரசாங்கக் கணக்குல இருபத்தொண்ணு. நீ உன் வாயால கொடுத்த நாள். உன்கிட்டருந்து ஒரு கார்டு வரலை, ஒரு சுடிதார் வரலை. பதினாறு வருசமா வருசம் தவறாம நவம்பர்ல வாழ்த்துச் சொன்னே, மே மாசத்துல ஒரு தடவைகூட நீ சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துல மே மாசம்னு போட்டிருக்குன்னு நான் எழுதினப்ப, அதென்ன மே மாசம்னு நீ ஆச்சரியப்படவே இல்லை. நான் அப்பவே உன்னைச் சந்தேகப்பட்டிருக்கணும்.

தமிழ்மதி